பெயிண்ட் அடிச்சு முடிச்ச பழைய கார்ல தூசி ஏன் மாசக்கணக்கா வந்துட்டே இருக்கு?

பழைய வண்டிய பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சு பளபளன்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துருப்பாங்க, மொத நாள் புளோயர ஆன் பண்ணா டேஷ்போர்டு வென்ட்ல இருந்து மூஞ்சில பொடி அடிக்கும். சரி புதுசுல அப்படித்தான் இருக்கும், நாலு நாள்ல போயிரும்னு ஓட்டுவாங்க. போகாது. ரெண்டு மாசம் கழிச்சும் டேஷ்போர்ட தொடச்சா துணில சாம்பல் கலர்ல வரும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பொள்ளாச்சின்னு எங்க தமிழ்நாடு-கேரளா பார்டர் பக்கம் பழைய வண்டி வெச்சிருக்கவங்க ரெண்டு பேரு சேந்தா இந்தப் பேச்சு கண்டிப்பா வரும், ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க, அதுல பாதி வைத்தியம் தூசிய இன்னும் உள்ளதான் தள்ளுது. அது ஏன்னு புரிஞ்சா வேலை சுலபமாயிரும்.

தூசி எந்த வழியா உள்ள போச்சுன்றத மொதல்ல பாப்போம். நெறைய பேரு கதவு வழியா போச்சுன்னுதான் நெனைக்கறாங்க. பானெட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவுல, வைப்பர் இருக்கற எடத்துல, வரிவரியா ஓட்டை போட்ட ஒரு தகடு இருக்கும் பாருங்க, அதுக்குப் பேரு கவுல். வண்டிக்கு வண்டி வடிவம் மாறும், ஆனா டபிள்யூ123ங்கற பழைய பென்ஸ் மாடல்ல இருந்து நம்ம மாருதி 800 வரைக்கும் வெளிக்காத்து உள்ள போற வாய் அங்கதான் இருக்கு. போக்ஸ்வேகன் பீட்டில்ல 1968 மாடல்லதான் கண்ணாடிக்கு முன்னாடி இந்த வழிய வெச்சாங்க. காரணம் இதுதான்: வண்டி ஓடும்போது பானெட் மேல வழிஞ்சு வர்ற காத்து கண்ணாடில முட்டி வேகம் கொறையுது, வேகம் கொறஞ்ச எடத்துல அழுத்தம் ஏறும். 80 கி.மீ. வேகத்துல வர்ற காத்த முழுசா நிறுத்துனா சுமார் 300 பாஸ்கல் அழுத்தம் கெடைக்கும், அதாவது 30 மில்லிமீட்டர் ஒசர தண்ணியோட அழுத்தம். கவுல்கிட்ட அதுல ஒரு பங்குதான் கெடைக்கும்னாலும் ஃபேனே இல்லாம காத்த உள்ள தள்ள அது போதும். உள்ள வந்த காத்து வெளிய போக பின்பக்கம் அழுத்தம் கம்மியான எடத்துல ஒரு வழி வெச்சிருப்பாங்க. ஃபோர்டு கார்ட்டினால 1964ல ஏரோஃப்ளோன்னு பேரு வெச்சு இதத்தான் வித்தாங்க, முன்னாடி உருட்டற வென்ட், பின் தூண்ல காத்து வெளியேற ஓட்டை. அதுக்கு முந்தின டிசைன் வண்டிங்கள்ல, நம்ம அம்பாசடர் மாதிரி, முன் கதவு முக்கோணக் கண்ணாடிய திருப்பி காத்து வாங்கறதுதான் பெரிய வசதி.

இப்ப எங்க ஊருக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு மலையில விழுந்த இடைவெளி, ஆனி ஆடில மேக்க இருந்து வர்ற காத்து பூரா அந்த சந்துலதான் நுழையணும். இங்க இருக்கற பெயிண்ட் ஷெட்டு பலதும் மேல தகரம், மூணு பக்கம் திறப்பு. காத்து 30 கி.மீ. வேகத்துல அடிச்சா முழு அழுத்தம் 40 பாஸ்கல் சொச்சம் வரும். ஆக மூஞ்சி மேக்க பாத்து நிக்கற வண்டி, இஞ்சின் ஓடாட்டியும் கவுல் வழியா மூச்சு இழுத்துட்டுதான் இருக்கும், அதே நேரம் பக்கத்துல நின்னு பட்டிய தேய்ச்சுட்டு இருப்பாங்க, தேய்க்கற பொடி நேரா டக்டுக்குள்ள, அதாவது டேஷ்போர்டுக்கு உள்ள காத்து போற குழாய்க்குள்ள. மச்சானோட பென்ஸ பெயிண்டுக்கு விட்டப்ப வயசான பெயிண்டர் சேட்டன்கிட்ட வென்ட் எல்லாம் அடைச்சிட்டீங்களான்னு கேட்டேன், "உள்ள எல்லாம் பேப்பர் ஒட்டியாச்சு மோனே, ஒண்ணும் பேடிக்கண்டா"ன்னாரு, ஒண்ணும் பயப்படாதன்னு அர்த்தம். உள்ள ஒட்டியிருந்தது வாஸ்தவம்தான், நல்லாவே ஒட்டியிருந்தாரு. ஆனா தூசி நுழையற வாய் வெளியதானே இருக்கு, டேஷ்போர்டு பக்கம் மட்டும் மூடுனா உள்ள வந்த தூசி டக்டுக்குள்ளயே தங்கிரும். சொன்ன உடனே சேட்டன் கவுல் மேலயும் ரெண்டு வரி டேப் இழுத்தாரு. அஞ்சு நிமிஷ வேலை, இத தேய்ப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டு செய்ய வெச்சுட்டா கீழ நான் சொல்ற பாதி வேலை உங்களுக்கு இல்ல. வண்டி முதுக காத்துக்குக் காட்டி நிறுத்தச் சொல்றதும் நல்லது.

தூசின்னு ஒரே பேர்ல சொல்றோம், ஆனா அதுல ஜாதி பல இருக்கு. பட்டிங்கறது பாலியெஸ்டர் ரெசின்ல டால்க் மாவு கலந்தது, தேய்ச்சா பவுடராத்தான் கொட்டும். ஆரம்பத்துல போடற 80 நம்பர் பேப்பர்ல ஒரு மணல் சுமார் 200 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), கடைசில போடற 2000 நம்பர் வாட்டர் பேப்பர்ல 10 மைக்ரான், நடுவுல தேய்ஞ்சு பறக்கற பொடி அதவிடச் சின்னதாவும் இருக்கும். 100 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் ஒசரத்துல இருந்து சில செகண்டுல தரைக்கு வந்துரும், 10 மைக்ரானுக்கு சில நிமிஷம், 1 மைக்ரானுக்கு மணிக்கணக்கு. ஏன்னா விழற வேகம் அளவோட வர்க்கத்துல போகுது, பத்துல ஒரு பங்கு அளவுன்னா நூறுல ஒரு பங்கு வேகம். பெருசு ஷெட்டு தரைலயே விழுந்துருது, வண்டிக்குள்ள போறது பூரா பொடிசுதான். ஸ்பிரே கன்ல இருந்து பறந்து பாடில ஒட்டறதுக்கு முன்னாடியே காஞ்சு போற பெயிண்ட் துளியும் இதே மாதிரி தூளாத்தான் போகும், பாலிஷ் போடும்போது தெறிச்சுக் காயற காம்பவுண்டும் கவுல் ஓட்டைல வெள்ளையா உக்காந்திருக்கும்.

அடுத்து முக்கியமான விஷயம். புளோயர ஃபுல்ல வெச்சு கண்ணாடிய எறக்கி விட்டுட்டு ஹைவேல ஒரு ஓட்டு ஓட்டுனா எல்லாம் பறந்துரும்னு சொல்றாங்கல்ல, ஏன் பறக்கறதில்ல? வீட்டு சீலிங் ஃபேன பாருங்க. 1200 மில்லிமீட்டர் ஃபேன் நிமிஷத்துக்கு 350 சுத்து சுத்துனா நுனி கிட்டத்தட்ட 80 கி.மீ. வேகத்துல போகுது, ஆனா றெக்கை மேல கருப்பா தூசி படிஞ்சு அப்படியே கெடக்கு. எந்தப் பரப்ப ஒட்டிப் போற காத்தும் அந்தப் பரப்புமேல அசையாம நிக்குது, கொஞ்சம் தள்ளிப் போகப் போகத்தான் வேகம் எடுக்கும். அந்த மெல்லிசான மந்தமான அடுக்குக்குள்ள பத்து மைக்ரான் துகள் முழுசா மறைஞ்சுரும், மேல புயலே அடிச்சாலும் அதுக்கு லேசான காத்துதான். இதோட ஒட்டற விசையும் சேருது. துகள் பத்துல ஒரு பங்கா சிறுத்தா ஒட்டற விசை பத்துல ஒரு பங்குதான் கொறையும், ஆனா காத்து பிடிச்சு இழுக்கற விசை நூறுல ஒரு பங்குக்கும் கீழ போயிரும். அதனால சின்னது ஆக ஆக ஊதி எடுக்கறது கஷ்டம். பிளாஸ்டிக் டக்டா இருந்தா நிலைமின்சாரமும் சேந்து புடிச்சு வெச்சுக்கும், தை மாசி காஞ்ச காத்துல அது இன்னும் ஜாஸ்தி.

அப்பறம் எப்படி மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா வருது? ரோட்டுப் பள்ளத்துல வண்டி அதிரும்போது, பொடிசுங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து கட்டியாகி அது காத்துக்குப் பிடிபடும்போது, காத்த அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மாத்தி விடற உள்மூடிய, அதான் ஃபிளாப்ப, நீங்க திருப்பும்போது, இப்படி தவணை முறைலதான் வெளிய வருது. அதனாலதான் ஊதறது மட்டும் வைத்தியம் ஆகாது, மொதல்ல தொட்டு அசைக்கணும், அசைச்சத அங்கயே உறிஞ்சணும்.

கம்ப்ரஸர் ஹோஸ டேஷ் வென்ட்ல சொருகி அடிக்கறத தயவுசெஞ்சு செய்யாதீங்க. அடிச்ச பொடி ஹீட்டர் கோர்னு சொல்ற குட்டி ரேடியேட்டரோட தகடுகளுக்கு நடுவுல போய் செருகிக்கும், புளோயர் மோட்டார் புஷ்ஷுக்குள்ள போகும். ஏசி வண்டின்னா ஏசி ஓடறப்ப கூலிங் காயில் ஈரமா இருக்கும், அதுல பட்ட டால்க் பொடி சேறா ஒட்டிக் காஞ்சுரும், அப்பறம் காத்தும் கம்மி, வாடையும் வரும்.

வேலை கவுல்லதான் ஆரம்பிக்கணும். புளோயர ஒருதடவைகூட போடறதுக்கு முன்னாடி தகட்டக் கழட்டி, நீளமான பெயிண்ட் பிரஷ் ஒரு கைல, வேக்கம் கிளீனர் குழாய் இன்னொரு கைலன்னு தேய்க்கத் தேய்க்க உறிஞ்சணும், அப்பறம் ஈரத்துணி. கவுலுக்குள்ள போற மழைத்தண்ணி எறங்க மூலைல ஓட்டை இருக்கும், அதுல ஒரு டம்ளர் தண்ணிய மெதுவா ஊத்தி கீழ தரைல வருதான்னு குனிஞ்சு பாருங்க. வரலன்னா பட்டிப்பொடி குழம்பாகி அடைச்சிருச்சுன்னு அர்த்தம், அப்படியே விட்டா இடவப்பாதி மழைல, அதாவது தென்மேற்குப் பருவமழைல, கால்மிதிக்குக் கீழ குளம் கட்டி புதுசா அடிச்ச வண்டி உள்ளருந்து துரு பிடிக்கும்.

அடுத்தது புளோயர். கழட்ட முடிஞ்சா கழட்டுங்க. அணில் கூண்டு மாதிரி இருக்கற அந்தச் சக்கரத்துல ஒவ்வொரு சின்ன றெக்கையோட குழிவுலயும் பொடி வழிச்சு வெச்ச மாதிரி அடைஞ்சிருக்கும், ஒரு பல் பிரஷ்ஷ விட்டு இழுத்தா பிரைமர் கலர்ல நீளமா பட்டை வரும். குழிவு நெறஞ்சா றெக்கை காத்த அள்ளாது, ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்துட்டா வெயிட்டு மாறி சக்கரம் உதறும். டக்டுகளுக்கு வளையற கம்பி பிரஷ்ல மைக்ரோஃபைபர் துணிய சுத்தி லேசா நனைச்சு உள்ள விட்டு இழுங்க, ஈரம் பட்டா நிலைமின்சாரம் எறங்கி பொடி துணில ஒட்டிக்கும். மத்த வென்ட்ட எல்லாம் டேப் போட்டு மூடிட்டு ஒண்ணுல மட்டும் வேக்கம் வெச்சா இழுப்பு சிதறாது. கம்ப்ரஸர் போட்டே ஆகணும்னா அழுத்தத்த நல்லா கொறச்சு, காத்து வழக்கமா போற திசைக்கு எதிரா அடிச்சு, எதிர்முனைல வேக்கம் ஓடிட்டே இருக்கணும்.

எல்லாம் செஞ்சும் வென்ட்ல கறுப்பா துணுக்கு வந்தா அத ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு நசுக்கிப் பாருங்க. பட்டியும் பிரைமரும் பவுடரா உலர்ந்து போகும். பிசுபிசுன்னு விரல்ல இழுவினா அது பெயிண்ட் தூசியே இல்ல, ஃபிளாப் ஓரத்துல ஒட்டியிருக்கற பஞ்சு முப்பது நாப்பது வருஷத்துல மக்கி உதிருது. பாவம் பெயிண்டர திட்டாதீங்க, அதுக்கு டேஷ்ஷ பிரிச்சு பஞ்சு மாத்தறதுதான் வழி. பழைய பெயிண்ட்ட சுரண்டி எடுத்த வண்டின்னா அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் இருந்திருக்கலாம், அதனால இந்த வேலை முழுக்க என்95 மாஸ்க் போட்டுக்கங்க, குழந்தைங்கள பக்கத்துல விடாதீங்க. வேக்கம் பையக் கொட்டும்போதும் மாஸ்க் மூஞ்சிலயே இருக்கட்டும்.