க்யூட்டியைச் சேர்த்துக் கட்டினால் தமிழில் தட்டிப் பாருங்கள்

கடைகளுக்கான ரசீது மென்பொருள் ஒன்றை லினக்ஸில் நிறுவும்படி பேக்கேஜ் செய்து கொடுத்தேன். எழுதியவர்கள் க்யூட்டி (Qt) 6.5-ஐ நம்பி எழுதியிருந்தார்கள். சாளரம், பொத்தான் போன்றவற்றை நிரல்களுக்கு ஆயத்தமாகத் தரும் நூலகத் தொகுப்பு அது. கடைகளில் ஓடியதோ உபுண்டு 22.04. அதன் மென்பொருள் களஞ்சியத்தில் க்யூட்டி 6 வரிசையில் கிடைப்பது 6.2 மட்டும்தான். நிரலைப் பழைய பதிப்புக்குத் திருத்த நேரமில்லை. சரி, 6.5-ஐயே டெப் கோப்புக்குள் (உபுண்டுவில் மென்பொருளை நிறுவும் பேக்கேஜ்) வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். நிறுவினோம், திறந்தது, ரசீதும் அச்சானது. அனுப்பிவிட்டோம்.

மூன்றாம் நாள் ஒரு துணிக்கடையிலிருந்து போன். "சார், கஸ்டமர் பேர் தமிழ்ல அடிக்க முடியல. மத்த எல்லாத்துலயும் வருது, உங்க சாஃப்ட்வேர்ல மட்டும் வரல."

சோதித்தவர்கள் நாங்கள் மூன்று பேர். மூவருக்கும் தமிழ் தாய்மொழி. ஒருவர்கூட ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

க்யூட்டி என்பது நாலைந்து நூலகக் கோப்புகள் மட்டும் அல்ல. கோர், ஜியுஐ, விட்ஜெட்ஸ் போன்றவை ஒரு பாதி. தேவைப்படும்போது ஏற்றப்படும் துணைக்கூறுகளான ப்ளகின்கள் மறு பாதி. நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் ப்ளகின்களைத் தேடித் திறக்கும். ஆகவே ஒரு நிரலுக்கு எந்த நூலகங்கள் தேவை என்று காட்டும் எல்டிடி (ldd) கட்டளை தரும் பட்டியலில் அவை வராது. அந்தப் பட்டியலைப் பார்த்து எல்லாம் இருக்கிறது என்று நம்பி நூலகங்களை மட்டும் நகலெடுத்தால் பாதி க்யூட்டிதான் போய்ச் சேரும்.

லினக்ஸில் தமிழ்த் தட்டச்சுக்குப் பெரும்பாலும் ஐபஸ் (IBus) அல்லது எஃப்சிடிக்ஸ் (Fcitx) என்ற உள்ளீட்டு மென்பொருள் பயன்படுகிறது. ஐபஸின் எம்17என் என்ற பன்மொழி விசைப்பலகைத் தொகுப்பு வழியே தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி விசைப்பலகைகள் கிடைக்கின்றன. இவற்றோடு பேசும் பாலம் 'ப்ளாட்ஃபார்ம் இன்புட் கான்டெக்ஸ்ட்ஸ்' (platforminputcontexts) அடைவில் உள்ள ப்ளகின். நாங்கள் கட்டியதில் அந்த அடைவே இல்லை. கணினியில் ஏற்கெனவே இருக்கும் ப்ளகினும் உதவாது, ஏனென்றால் உள்ளே வைத்த க்யூட்டி தன் அடைவில் மட்டுமே தேடும். பாலம் இல்லாவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, நிரலும் விழாது. தமிழ்99-இல் 'அ' வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்து விழும், அவ்வளவுதான். ஆங்கிலத்திலேயே சோதிப்பவருக்கு இது கடைசிவரை கண்ணில் படாது.

ஐபஸ் ப்ளகின் க்யூட்டியோடே வருகிறது, எடுத்து வைத்தால் போதும். எஃப்சிடிக்ஸ் அப்படியில்லை. அதன் ப்ளகின் க்யூட்டியின் உள் இடைமுகங்களைத் தொடுவதால், நீங்கள் அனுப்பும் அதே பதிப்புக்கென்று தனியாகத் தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டும். எனக்கு அரை நாள் பிடித்தது.

மற்ற தவறுகள் சில சத்தமாகவே தெரியும். க்யூட்டி 6.5 முதல், லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11-இல் சாளரம் காட்டும் எக்ஸ்சிபி ப்ளகினுக்கு எக்ஸ்சிபி-கர்சர் நூலகம் கட்டாயம். அது இல்லாவிட்டால் சாளரமே திறக்காது, டெப்பின் சார்புப் பட்டியலில் சேர்த்தால் முடிந்தது. புதிய திரை அமைப்பான வேலண்டுக்குரிய ப்ளகின்களை விட்டுவிட்டால் நிரல், எக்ஸ்11 நிரல்களை அதில் ஓட்டும் எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடும், சில திரைகளில் எழுத்து மங்கலாகத் தெரியும்.

எல்டி_லைப்ரரி_பாத் (LD_LIBRARY_PATH) என்ற சூழல் மாறியை வைத்து நூலகங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்கள் நிரல் தொடங்கும் எல்லா நிரல்களுக்கும் அந்த மாறி போய்ச் சேரும். ரசீதின் பிடிஎஃப்-ஐக் காட்டத் திறக்கும் ஆக்குலர் (Okular) நிரலும் க்யூட்டி 6-இல் ஓடுவதாக இருந்தால், உங்கள் க்யூட்டியை எடுத்துக்கொண்டு விழுந்துவிடலாம். பேட்ச்எல்ஃப் (patchelf) கருவி கொண்டு நிரலின் இருமக் கோப்புக்குள்ளேயே, அக்கோப்பு இருக்கும் இடத்தை வைத்து நூலகங்களின் பாதையை எழுதுங்கள். ப்ளகின் அடைவை க்யூட்டி.கான்ஃப் (qt.conf) கோப்பில் சொல்லுங்கள்.

ஃபெடோரா போன்றவற்றுக்கான ஆர்பிஎம் பேக்கேஜ் கட்டுபவர்களுக்கு ஒன்று. உள்ளே வைத்த நூலகங்களுக்கு விலக்கு எழுதாவிட்டால் 'க்யூட்டி கோர் என்னிடம் இருக்கிறது' என்று உங்கள் பேக்கேஜ் மொத்தக் கணினிக்கும் அறிவித்துவிடும். வேறொரு பேக்கேஜ் அதை நம்பி நிறுவப்படும், ஆனால் உங்கள் தனி அடைவில் இருப்பது அதன் கைக்கு எட்டாது.

கட்டும் கணினியும் முக்கியம். பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி (glibc), உபுண்டு 24.04-இல் 2.39, 22.04-இல் 2.35. புதியதில் தொகுத்தது பழையதில் ஓடாமல் போகலாம். நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய பதிப்பில் தொகுங்கள். அதற்காக ஜிலிப்சியையோ, வரைகலை நூலகமான மீசாவையோ (Mesa) ஒருபோதும் உள்ளே வைத்துவிடாதீர்கள்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது பாதுகாப்பு. 2023 செப்டம்பரில் வெப்பி (WebP) படங்களைத் திறக்கும் லிப்வெப்பி நூலகத்தில் கடுமையான ஓட்டை வெளிவந்தது, எண் சிவிஇ-2023-4863. கணினியின் பொது நூலகத்தைப் பயன்படுத்திய நிரல்களெல்லாம் ஒரே புதுப்பிப்பில் சரியாயின. தனி நகல் வைத்திருந்த ஒவ்வொரு நிரலையும் அதைக் கட்டியவர்தான் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது. க்யூட்டியின் மூலத்துக்குள் லிப்பிஎன்ஜி, ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ், எஸ்க்யூலைட் என்று எத்தனையோ பிற நூலகங்களின் நகல்கள் இருக்கின்றன. நீங்கள் சேர்த்துக் கட்டிய நாளிலிருந்து அவை உங்கள் பொறுப்பு. 6.5 நீண்டகால ஆதரவுப் பதிப்புதானே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. 6.5.3-க்குப் பின் வந்த திருத்தங்கள் முதலில் வணிக உரிமம் வாங்கியவர்களுக்குத்தான் போயின.

முடிந்தால், பல லினக்ஸ் வகைகளிலும் ஒரே மாதிரி நிறுவும் பேக்கேஜ் முறையான ஃப்ளாட்பேக்கைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் கருத்து. அங்கே நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் கேடிஇ ரன்டைம் என்ற அடித்தளத்தில் க்யூட்டி இருக்கும், அதைப் பராமரிப்பவர்கள் வேறு இருக்கிறார்கள். எங்கள் கடைகள் பலவற்றில் இணையம் கிடையாது, பென்டிரைவில் கொண்டுபோய் நிறுவ வேண்டும் என்பதால் டெப்போடு நின்றோம். அப்புறம், எல்ஜிபிஎல் (LGPL) என்ற திறமூல உரிமத்தில் க்யூட்டியைக் கொடுத்தால் உரிம உரையையும் மூலநிரல் கிடைக்கும் வழியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், பயனர் அந்த நூலகத்தை மாற்றிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும்.

இப்போது வெளியீட்டுக்கு முன் க்யூட்டியே நிறுவப்படாத புது மெய்நிகர்க் கணினியில் நிறுவிப் பார்க்கிறோம். க்யூட்டி_டீபக்_ப்ளகின்ஸ் (QT_DEBUG_PLUGINS) மாறிக்கு 1 கொடுத்து, எந்த ப்ளகின் எங்கிருந்து ஏறுகிறது என்று படிக்கிறோம். ஐபஸில் ஒரு முறை, எஃப்சிடிக்ஸில் ஒரு முறை, பெயர்க் கட்டத்தில் 'ஸ்ரீரங்கம் கௌரி' என்று தட்டி, ரசீதை அச்சடித்துக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் துணிக்கடைக்கு அனுப்புகிறோம்.