உப்புப் பாறை எதுவரை கசியாது?

நிலத்தடி உப்பில் எண்ணெயையும் எரிவாயுவையும் சேமிக்கலாம் என்பதற்கு முதல் காரணம், அதில் விரிசல் விழுந்தாலும் மேற்பாறையின் பாரத்தில் உப்பே மெல்ல நகர்ந்து அதை மூடிவிடும். யாரும் கை வைக்காத உப்புக்கு இது பொருந்தும். நாம் துளையிட்ட பிறகு கணக்கு மாறுகிறது.

உப்பு மணிகளுக்கு இடையே எப்போதும் கொஞ்சம் உவர்நீர் இருக்கும். மணிகள் சந்திக்கும் இடத்தில் அந்த நீர் அமரும் கோணம் 60 டிகிரிக்கு மேல் இருந்தால் அது தனித்தனித் துளியாகவே அடைபட்டிருக்கும். ஆழமும் வெப்பமும் கூடி, கோணம் 60-க்குக் கீழே இறங்கினால் துளிகள் இழையாக இணைந்து வழி திறக்கும். சுமார் 3 கி.மீ. ஆழத்தில் இது நடக்கக்கூடும். இதே உப்பில் சூடான கதிரியக்கக் கழிவைப் புதைத்தால் இன்னொரு சிக்கல்: வெப்பப் பக்கத்தில் உப்பு கரைந்து, குளிர்ந்த பக்கத்தில் படிவதால், துளிகள் கழிவை நோக்கியே நகரும்.

ஆனாலும் நடைமுறையில் கசிவு பெரும்பாலும் துளையிட்ட கிணற்றிலும் உப்புப் படிவத்தின் விளிம்பிலும்தான் தொடங்குகிறது. கிணற்றுக் குழாயைச் சுற்றி ஊற்றும் சிமென்டை உப்பு நிறைந்த நீரில்தான் கலக்க வேண்டும். நன்னீரில் கலந்தால் சிமென்ட் இறுகும் முன்பே சுவர் உப்பு கரைந்து இடைவெளி விழும். பிறகு குழாயின் அடிமுனைக்குச் சற்றுக் கீழே வரை நைட்ரஜனை இறக்கி, அதன் கீழ்மட்டம் ஏறுகிறதா (ஏறினால் கசிகிறது) என்று குறைந்தது ஒரு நாளாவது பார்க்காமல் எதையும் நிரப்பக் கூடாது.

1,000 மீட்டரில் பாறையின் பாரம் சுமார் 220 பார் (bar, அழுத்த அலகு). சேமிப்பு அழுத்தத்தை 180 பாருக்குள் வைப்பது நல்லது. பாரத்தையே தாண்டினால் மணி எல்லைகள் பிரிந்து உப்பே கசியத் தொடங்கும். பயன்பாடு முடிந்து கைவிடும் சேமிப்புக் குழியை அவசரமாக மூடுவதும் இதே ஆபத்துதான். உள்ளிருக்கும் உவர்நீர் பாறையைவிடக் குளிர்ந்தது; மூடிய குழியில் அது 1 டிகிரி சூடானாலே அழுத்தம் ஏறத்தாழ 10 பார் ஏறும். வெப்பம் சமமாகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், ஆண்டுக்கணக்கானாலும்.

விளிம்பை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் ஆஸ்ஸே சுரங்கமே சாட்சி. உப்பின் ஓரத்துக்கு மிக அருகே அறைகளை வெட்டியதால் பக்கத்துப் பாறை அசைந்து விரிந்தது. சுமார் 1,26,000 பீப்பாய் கதிரியக்கக் கழிவு இருக்கும் அந்தச் சுரங்கத்துக்குள் 1988 முதல் உவர்நீர் வருகிறது, நாளொன்றுக்குச் சுமார் 12,000 லிட்டர்.