நேப்: தமிழில் எப்படிச் சொல்வது?

பல பேர் சேர்ந்து ஆடும் வியூக விளையாட்டு எதில் நுழைந்தாலும் சீக்கிரமே கண்ணில் படும் சொல் 'நேப்'. "மேற்குப் பக்கக் கூட்டணியோட நேப் இருக்கு, அங்க கை வைக்காதே", "நேப்பை முறிச்சுட்டாங்க" என்று அரட்டைப் பெட்டியில் ஓடிக்கொண்டே இருக்கும். 'நான்-அக்ரெஷன் பாக்ட்' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்த சுருக்கம் அது. இரு தரப்பும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று செய்துகொள்ளும் உடன்பாடு, அவ்வளவுதான். மூன்றாவது ஆள் வந்து உங்கள் ஊர்களைச் சூறையாடும்போது நேப் போட்டவர் கைகட்டி வேடிக்கை பார்க்கலாம். உங்களை அடிப்பவனுக்கே தானியம் விற்கலாம். எதிலும் வாக்குத் தவறியதாக ஆகாது. இதைக் கூட்டணி என்று நினைத்துக்கொண்டு, "எங்கே போனீங்க?" என்று பிறகு சண்டை போடுவது புதியவர்களின் வழக்கம்.

பாக்ட் லத்தீன் வழி வந்த சொல். 'பாக்டம்' என்றால் பேசி ஒத்துக்கொண்டது. அமைதியைக் குறிக்கும் 'பாக்ஸ்' இதற்கு உறவுச் சொல். அக்ரெஷனும் லத்தீன்தான், அதன் வேருக்கு 'நோக்கி அடியெடுத்து வைத்தல்' என்று பொருள். ஒருவரை நோக்கி நடப்பது, அவர்மேல் பாய்வது என்று பிறகு கடுமை ஏறியது.

முழுப் பெயர் விளையாட்டுக்காரர்கள் உருவாக்கியதல்ல. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பிய அரசுகள் இத்தகைய உடன்படிக்கைகளை வரிசையாகச் செய்துகொண்டன. 1932ஆம் ஆண்டில் மட்டும் சோவியத் ஒன்றியம் பின்லாந்து, லாத்வியா, எஸ்தோனியா, போலந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளோடு கையெழுத்திட்டது. எல்லோருக்கும் தெரிந்தது 1939 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்டது. பத்து ஆண்டுக்கு என்று எழுதியிருந்தார்கள். 1941 ஜூன் 22 அன்று ஜெர்மன் படைகள் எல்லையைத் தாண்டிவிட்டன. 'நேப் என்றாலே என்றைக்காவது முறியப் போகிறது' என்ற எண்ணம் ஆட்டக்காரர்களிடம் இவ்வளவு ஆழமாக இருப்பதற்கு அந்த வரலாறும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மேசை விளையாட்டுகளில் இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனது 1959இல் வெளிவந்த 'டிப்ளமசி'. ஏழு வல்லரசுகள், பகடையே கிடையாது. யாரோடும் தனியே ஒதுங்கிப் பேசலாம், என்ன வேண்டுமானாலும் வாக்குக் கொடுக்கலாம். அப்புறம் எல்லோரும் ஆணைகளை ரகசியமாக எழுதி ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும். பேசியதற்கும் எழுதியதற்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்று விதி எதுவும் சொல்லவில்லை.

கணினி விளையாட்டுகள் இதில் இரண்டாகப் பிரிகின்றன. 'ஸ்டெல்லாரிஸ்' போன்றவற்றில் நேப் விளையாட்டின் உறுப்பாகவே இருக்கிறது. அது நடப்பில் உள்ளவரை போர் அறிவிக்க முடியாது. 'ட்ரைபல் வார்ஸ்' வேறு ரகம். நேப் பட்டியலில் ஒரு குலத்தின் (அங்கே ஆட்டக்காரர் கூட்டணிக்கு அதுதான் பெயர்) பெயரைச் சேர்த்தால் வரைபடத்தில் அவர்கள் ஊர்களின் நிறம் மாறும், அதோடு சரி. படையை அனுப்பினால் படை போகும். ஈவ் ஆன்லைனிலும் அப்படித்தான். சுடக் கூடாதவர்களை நீல நிறத்தில் குறித்து, அவர்களுக்கு 'நீலம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் நீலத்தைச் சுட்டாலும் துப்பாக்கி வெடிக்கும். இந்த இரண்டாம் ரகத்தில்தான் உடன்படிக்கைக்கு உண்மையான வேலை. விதி தடுக்காததை வார்த்தை தடுக்க வேண்டியிருப்பதால், வார்த்தையைப் பார்த்துப் போட வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சிலர் 'ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தம்' என்று எழுதுகிறார்கள். வேர்ப்படி பார்த்தால் பிழை இல்லை. ஆக்கிரமிப்பு வடமொழியின் 'ஆக்ரம்' என்பதிலிருந்து வந்தது, அதற்கும் அடியெடுத்து வைப்பது என்றே பொருள். லத்தீன் வேரும் இதுவும் ஒரே படத்தைத்தான் காட்டுகின்றன. ஆனால் இன்றைய தமிழில் ஆக்கிரமிப்பு என்றதும் நினைவுக்கு வருவது அடுத்தவர் இடத்தை வளைத்துப் போடுவது. ஏரி ஆக்கிரமிப்பு, நடைபாதை ஆக்கிரமிப்பு என்கிறோமே, அதுதான்.

விளையாட்டில் இது வெறும் சொல் சண்டையாக முடியாது. 'ட்ராவியன்' போன்ற விளையாட்டில் ஊரைப் பிடிப்பது வேறு, கொள்ளையடித்துவிட்டுத் திரும்புவது வேறு. மரமும் களிமண்ணும் இரும்பும் தானியமும் இரவோடிரவாகக் காணாமல் போயிருக்கும். ஊர் உங்கள் பெயரிலேயே இருக்கும். நேப் போட்டுவிட்டுக் கொள்ளையடித்தவரைக் கேட்டால், "நான் உன் ஊரை எடுக்கவில்லையே, எங்கே ஆக்கிரமித்தேன்?" என்பார். நீங்களே எழுதிக் கொடுத்த ஓட்டை அது.

என் பரிந்துரை 'தாக்காமை உடன்படிக்கை'. கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை என்று குறளின் அதிகாரத் தலைப்புகளிலேயே இந்த வார்ப்பு இருக்கிறது. வினையின் எதிர்மறையை ஒரு நோன்பு போலச் சொல்ல தமிழுக்கு இதைவிட இயல்பான வழி இல்லை. பேச்சில் 'உடன்படிக்கை'யை விட்டுவிட்டு, "அவங்களோட தாக்காமை இருக்கு" என்றாலே புரியும். 'போர் தவிர்ப்பு' என்பதும் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் போர் அறிவிக்காமலே அடிக்கிற அடியை அது பிடிக்காது.

ஒப்பந்தமா உடன்படிக்கையா என்று கேட்டால், இரண்டும் வழக்கில் உண்டு. ஒப்பந்தத்தில் குத்தகை, கூலி வேலை வாடை கொஞ்சம் அடிக்கும். ஒப்பந்தக்காரர், ஒப்பந்தப் பணி என்றெல்லாம் பழகிவிட்டோம். அரசோடு அரசு செய்துகொள்வதற்கு உடன்படிக்கை பொருத்தம். உடன்படு என்ற வினையிலிருந்து வந்தது என்பதால் பொருளும் முகத்திலேயே தெரிகிறது. கூட வரும் மற்ற சொற்களில் பெரிய சிக்கல் இல்லை. அலையன்ஸுக்குக் கூட்டணி, சீஸ்ஃபயருக்குப் போர்நிறுத்தம். ட்ரிப்யூட்டுக்குத் திறை என்ற பழஞ்சொல் அப்படியே கச்சிதமாகப் பொருந்துகிறது. டிப்ளமசிக்குக் கலைச்சொல்லாகப் 'பண்ணுறவாண்மை' உண்டு. அரட்டையில் அதை யாரும் தட்டச்சு செய்யப்போவதில்லை, ராஜதந்திரம் போதும்.

பெயர் வைத்தபின் உள்ளே என்ன எழுதுவது என்பதில்தான் அனுபவசாலிகள் நேரம் செலவிடுவார்கள். இப்படி இருக்கலாம்: "இரு கூட்டணிகளும் ஒன்றையொன்று தாக்குவதில்லை. கொள்ளையும் தாக்குதலே. ஒற்றர்களை அனுப்புவதும் அடங்கும். முறிக்க விரும்பும் தரப்பு 48 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும்." பார்க்க முழுமையாகத் தெரியும். ஆனால் இந்த விளையாட்டுகளில் படை போய்ச் சேரவே பல மணி நேரம் ஆகும். அறிவிப்பைக் கொடுத்த கையோடு படையையும் கிளப்பிவிட்டு, கெடு முடிந்த அடுத்த நிமிடம் உங்கள் மதிலில் வந்து இறங்கும்படி கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஆகவே கெடு முடியும்வரை தாக்குதல் படை புறப்படவே கூடாதா, போய்ச் சேராமல் இருந்தால் போதுமா என்பதை அதே வரியில் எழுதிவிட வேண்டும்.