பர்மாத் தேர்தல்: எந்த அட்டைக்கு ஓட்டு, எதற்கு இல்லை?

பர்மாவில் 18 வயது நிரம்பியவருக்கு ஓட்டு உண்டா என்பதை அட்டையின் நிறம்தான் சொல்லும். 1982 குடியுரிமைச் சட்டப்படி முழுக் குடிமகனுக்கு ரோஜா நிற அட்டை, இணைக் குடிமகனுக்கு (1948 சட்டப்படி விண்ணப்பித்திருந்தவர்) நீலம், ஏற்கப்பட்ட குடிமகனுக்கு (பின்னர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர்) பச்சை. மூவரும் ஓட்டுப் போடலாம். வெளிநாட்டவர் பதிவுச் சான்று வைத்திருப்பவர் போட முடியாது. பெகுவிலோ தட்டோனிலோ மூன்று தலைமுறையாக வயல் பார்த்த தமிழ்க் குடும்பமாக இருந்தாலும் அதே கதிதான். தற்காலிக வெள்ளை அட்டைக்காரர்கள் 2010 நவம்பர் 7 தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். 2015 மார்ச் 31உடன் அந்த அட்டையே செல்லாமல் போனது, ஓட்டும் போனது.

வேட்பாளராக நிற்பது இன்னும் கடினம். அரசியல் சட்டத்தின் 120ஆம் பிரிவுப்படி கீழவைக்கு வயது 25, நாட்டில் தொடர்ந்து 10 ஆண்டு வசிப்பு, அத்துடன் தாய் தந்தை இருவருமே குடிமக்கள். பர்மாத் தமிழர்களான நம்மவர்களுக்கு இடிக்கும் இடம் இந்தக் கடைசி நிபந்தனைதான். பிள்ளைக்கு ரோஜா அட்டை கிடைத்திருக்கும். தந்தையின் பழைய தாள் காலை வாரிவிடும். 2015இல் பெற்றோர் குடியுரிமையைக் காட்டிப் பல முஸ்லிம் வேட்பாளர்களின் மனுக்கள் தள்ளப்பட்டன.

வாக்காளர் பட்டியலை வார்டு அலுவலகத்தில் ஒட்டுவார்கள். 2015, 2020 தேர்தல்களில் பெயர் சேர்க்கப் படிவம் 3, பிழை திருத்தப் படிவம் 4-சி. வீட்டில் தமிழ்ப் பெயர், அட்டையில் பர்மியப் பெயர் என்று இரண்டு வைத்திருப்பவர்கள், அட்டையையும் குடும்பப் பட்டியலையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தந்தை பெயரையும் விடக்கூடாது.

எல்லாம் சரியாக அமைந்தாலும், அந்த ஓட்டு எட்டாத இடங்கள் உண்டு. கீழவையின் 440 இடங்களில் 110, மேலவையின் 224இல் 56 ராணுவத் தளபதி நியமிப்பவை. அரசியல் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 விழுக்காட்டுக்கும் மேல் ஆதரவு தேவை. கால்பங்கு இடங்கள் ராணுவத்தின் கையில் இருப்பதால், அது சம்மதிக்காமல் திருத்த முடியாது. கணக்கு புரிகிறதல்லவா?

2010இல் பெரிய சர்ச்சை முன்கூட்டிய ஓட்டு. பெட்டி எண்ணி முடித்தபின் வந்து சேர்ந்த கட்டுகள் முடிவைப் புரட்டின என்று தோற்ற கட்சிகள் புகார் சொல்லின. தேர்தல் ஆணையத்தின் தீர்ப்பே கடைசி. அரசியல் சட்டத்தின் 402ஆம் பிரிவு அதை உறுதி செய்கிறது. நீதிமன்றப் படி ஏற வழியில்லை.

2020இல் ஆங் சான் சூ கீயின் என்எல்டி (தேசிய ஜனநாயக லீக்) கட்சி, போட்டி நடந்த 476 இடங்களில் 396ஐ வென்றது. மோசடி என்று சொல்லி 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மறுபதிவு செய்யாததால் 2023 மார்ச்சில் அக்கட்சி கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 2025 டிசம்பர் 28இல் தொடங்கிக் கட்டங்களாக நடந்தது. சண்டை நடக்கும் பல ஊர்களில் ஓட்டுப்பதிவே இல்லை. அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட வைத்த பொத்தான் இயந்திரத்தில், யாருக்கும் போடாமல் வெற்று ஓட்டாக விடவும் முடியாது. அதே ஆண்டு ஜூலையில் வந்த சட்டப்படி, தேர்தலைக் குலைக்கும் வகையில் பேசினாலோ துண்டறிக்கை பரப்பினாலோ 3 ஆண்டு முதல் சிறை. வாட்ஸ்அப்பில் பகிர்வதற்கு முன் இதையும் மனதில் வைக்கவும்.