மாசா, கறையா, கலப்படமா?

'கன்டாமினேட்' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் 'மாசுபடுத்து' என்று வரும். 'பொல்யூட்' என்று தேடினாலும் அதேதான். 'டெயின்ட்', 'டிஃபைல்' இரண்டுக்கும்கூட மாசையே தூக்கிக் கொடுத்துவிடுகிற அகராதிகள் உண்டு. 'அடல்ட்ரேட்' மட்டும் எப்படியோ தப்பித்துக் 'கலப்படம்' ஆகிவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும் இந்த ஐந்தும் தலைவலிதான். ஒரே பொருள்போலத் தெரியும். இடம் மாற்றிப் போட்டால் வாக்கியம் இடறும். சுத்தமாக இருந்தது கெட்டது என்பதுவரை ஐந்தும் ஒன்றாக வருகின்றன. எப்படிக் கெட்டது, யார் கெடுத்தது என்று கேட்டால் பிரிந்துவிடுகின்றன.

கன்டாமினேட் லத்தீனிலிருந்து வந்தது. அதற்குள் இருப்பது தொடுதலைக் குறிக்கும் 'டாங்கெரே' என்ற வினை. கான்டாக்ட், கன்டேஜியன் ஆகியவையும் அதே வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆக, பட்டதால் கெட்டது என்பது இதன் அடிப்படைப் பொருள். வேண்டுமென்றே செய்திருக்கத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

இதற்கு ஜெர்மனியில் நடந்த ஒன்றைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. 2007-இல் ஹைல்ப்ரான் நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த மரபணுத் தடயம், 1993 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என மூன்று நாடுகளில் நடந்த வேறு பல குற்றங்களின் தடயங்களோடு பொருந்தியது. கொலை, திருட்டு என்று சுமார் 40 இடங்களில் ஒரே பெண்! முகம் தெரியாத அந்தக் குற்றவாளியைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். 2009-இல்தான் விஷயம் உடைந்தது. தடயம் எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளைத் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் மரபணு அது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதான். கிருமியைக் கொன்றால் மரபணுவும் போய்விடும் என்று யார் சொன்னது? அந்தக் குச்சிகளை ஆங்கிலத்தில் 'கன்டாமினேட்டட்' என்பார்கள். 'பொல்யூட்டட்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'அடல்ட்ரேட்டட்' என்றால் அந்தப் பெண் மேல் பழி போட்டதுபோல் ஆகிவிடும்.

அந்தக் குச்சியைத் தமிழில் 'மாசுபட்ட குச்சி' என்றால் தவறில்லை. ஆனால் அழுக்குக் குச்சி என்றுதான் படிப்பவர் நினைப்பார். இந்த மாதிரி இடங்களில் எது ஒட்டியது என்று நேராகச் சொல்லிவிடுவதுதான் தமிழுக்கு இயல்பு என்பது என் கட்சி. 'பிறர் மரபணு ஒட்டிய குச்சி', 'கிருமி தொற்றிய ஊசி', 'கதிரியக்கத் தூசு படிந்த கையுறை' என்று எழுதினால் குழப்பமே இல்லை. ஒட்டு, தொற்று, படி, கல என்று நம்மிடம் வினைகளுக்கா பஞ்சம்? பொதுச்சொல் வேண்டும் என்றால் மட்டும் 'மாசு கலத்தல்' என்று வைத்துக்கொள்ளலாம். கதிரியக்கத்தில் இந்தக் கவனம் ரொம்பவே தேவைப்படும். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் உடம்பில் கதிர் பாய்கிறது, அவ்வளவுதான், எதுவும் ஒட்டிக்கொள்வதில்லை. அவரைக் 'கதிரியக்கத்தால் மாசடைந்தவர்' என்று எழுதுவது வெறும் பீதி கிளப்பல்.

தொடுதலிலிருந்து அசுத்தத்துக்குப் போன சொல் தமிழிலும் உண்டு: தீண்டு, தீட்டு. பிறப்பைப் பார்த்தால் கன்டாமினேட்டுக்கு இதைவிட நெருங்கிய சொல் கிடைக்காது. ஆனாலும் ஆய்வகக் குழாயைத் 'தீட்டுப்பட்டது' என்று எழுத முடியுமா? சிரிப்பார்கள். அந்தச் சொல் சுமந்து வந்த வரலாறு சிரிக்கிற விஷயமும் இல்லை. பிறப்பு ஒத்துப்போனால் பொருளும் ஒத்துப்போகும் என்று நம்பக்கூடாது.

பொல்யூட் வேறு குணம். இதன் லத்தீன் மூலம் சேற்றைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் மனத்தையும் கற்பையும் புனித இடத்தையும் கெடுப்பதைத்தான் குறித்தது. புகைபோக்கிக்கும் ஆற்றுக்கும் அது இறங்கிவந்தது ரொம்பப் பிற்காலத்தில். நம் 'மாசு' நடந்ததும் கிட்டத்தட்ட அதே பாதைதான். "மனத்துக்கண் மாசிலன் ஆதல்" என்கிறது குறள்; அங்கே மாசு என்பது உள்ளத்துக் குற்றம். "மாசறு பொன்னே" என்று கோவலன் கண்ணகியைக் கொஞ்சும்போது அழுக்கில்லாத பொன். இன்று மாசு என்றதும் நமக்கு நினைவு வருவது காற்றும் நீரும்தான். அதனால் பொல்யூட்டுக்கு மாசுபடுத்து என்பது கச்சிதமான இணை, மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

சுற்றுச்சூழல் அறிவியலில் கன்டாமினேட், பொல்யூட் இரண்டுக்கும் இடையே ஒரு கோடு போடுவார்கள். இயல்பாக இருப்பதைவிட ஒரு பொருள் கூடுதலாக இருந்தாலே முதலாவது. அது தீங்கு செய்யும் அளவுக்குப் போனால்தான் இரண்டாவது. ஒட்டியதெல்லாம் கெடுதல் செய்துவிடாது, சரிதானே? 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங்கின் பாக்டீரியாத் தட்டில் பூஞ்சை வந்து விழுந்ததும் இந்த முதல் வகைதான். அந்தத் தட்டு வீணானதால்தான் பெனிசிலின் கிடைத்தது.

டெயின்ட், டிஃபைல் இரண்டையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டெயின்ட்டுக்குள் சாயம் தோய்ப்பதைக் குறித்த ஒரு பழைய பிரெஞ்சுச் சொல் இருக்கிறது. ஒரு துளி போதும், முழுவதும் நிறம் மாறும். முறைகேடாக வந்த பணத்துக்கு இந்தச் சொல் வந்தால் 'கறை படிந்த பணம்' என்று எழுதலாம். கெட ஆரம்பித்த இறைச்சி என்றால் 'வாடை ஏறிய' என்பதே போதும். டிஃபைல், காலால் மிதிப்பதைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. புனிதமாக மதிப்பதை அவமதித்துக் கெடுப்பது. இதற்குக் 'களங்கப்படுத்து' பொருந்தும். கல்லறையை மாசுபடுத்தினார்கள் என்றால் குப்பை கொட்டினார்கள் என்றுதான் ஆகும்.

மிச்சம் இருப்பது அடல்ட்ரேட். இதை 'அடல்ட்' என்பதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் 'ஆல்டெர்' என்றால் வேறொன்று. ஆங்கிலத்தில் பிறன்மனை நாடுதலைக் குறிக்கும் 'அடல்ட்ரி'யும் இதே வேரில் பிறந்ததுதான். இருக்க வேண்டியதன் இடத்தில் வேறொன்றைப் புகுத்துவது, அதை மறைப்பது, இரண்டும் சேர்ந்ததுதான் இந்தச் சொல். தமிழிலும் 'கல' என்ற ஒரே வேர் மூன்று தீர்ப்பு சொல்கிறது: கலவை நல்லது, கலப்பு நடுநிலை, கலப்படம் குற்றம். 22 காரட் தங்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரை பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் தங்கம் இருக்கும். மீதி செம்பு, வெள்ளி. சொல்லிவிட்டுச் சேர்த்தால் அது உலோகக்கலவை. 24 காரட் என்று சொல்லி விற்றால் கலப்படம். பொருள் ஒன்றுதான், மறைத்ததுதான் பெயரை மாற்றுகிறது.

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1544 முதல் நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினார். கைபட்டுத் தேயத் தேய, நாணயத்தில் இருந்த ராஜாவின் மூக்கு முதலில் செம்பாகப் பல்லிளித்தது. 'செம்பு மூக்குக் கிழவன்' என்று மக்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். இதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டு, 'டிபேஸ்'. தமிழில் மொழிபெயர்க்கவே வேண்டாம், பொற்கொல்லர் சொல்லே இருக்கிறது: மாற்றுக் குறைத்தல்.

ஆனால் அடல்ட்ரேட் என்று பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு கலப்படம் என்று போட்டுவிட முடியாது. அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டு உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டத்தில் இந்தச் சொல்லின் எல்லை மிகப் பெரியது. சுகாதாரமற்ற இடத்தில் தயாரான உணவும் அதற்குள் அடங்கும். 1962 திருத்தத்துக்குப் பிறகு, முறையான உற்பத்தி நெறிகளைப் பின்பற்றாமல் செய்த மருந்தும் அடங்கும். மாத்திரையைச் சோதித்து ஒரு குறையும் காணாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது 'அடல்ட்ரேட்டட்' தான். அப்படிப்பட்ட ஓர் அறிவிப்பைக் 'கலப்பட மருந்து திரும்பப் பெறப்பட்டது' என்று தமிழில் போட்டால், யாரோ சுண்ணாம்பைக் கலந்து ஏமாற்றினார்கள் என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார். 'உற்பத்தி நெறிகளுக்குப் புறம்பாகத் தயாரிக்கப்பட்ட மருந்து' என்று எழுதுங்கள். நீளம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.