அம்மா பெயரில் இருக்கும் கடன்

அட்லாண்டாவில் பதினாறு வருடமாக வரிக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். ஜனவரி கடைசியில் இருந்து ஏப்ரல் 15 வரை என் மேசைக்கு வரும் தாள்களில் 1098-இ என்று ஒன்று இருக்கும். கல்விக்கடனுக்குப் போன வருடம் எவ்வளவு வட்டி கட்டினீர்கள் என்று கடனை வசூலிக்கும் நிறுவனம் அனுப்பும் தாள் அது. இருபத்தைந்து வயதுப் பையன் அதைக் கொண்டு வந்தால் நான் யோசிக்கவே மாட்டேன். ஆனால் என்னிடம் வரும் கறுப்பினக் குடும்பங்களில் அறுபது வயதை நெருங்கும் அம்மாக்கள்தான் பெரும்பாலும் அதைக் கொண்டு வருகிறார்கள்.

அவர்களில் ஒருவர் இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் நர்ஸ். வேலை முடிந்ததும் யூனிபார்மோடு நேராக வருவார். மகன் படிப்புக்காக அவர் வாங்கியது பேரன்ட் ப்ளஸ் என்கிற அரசுக் கடன். ஆறு வருடத்துக்கு முன்னால் தவணை தொடங்கியிருந்தது. பாக்கியைப் பார்த்தால் வாங்கிய தொகையைவிட அதிகம். நடுவில் வேலை போன மாதங்களில் தவணையைத் தள்ளிப் போட்டிருக்கிறார், அந்த வட்டி அசலோடு சேர்ந்துவிட்டது. கட்டிய வட்டியில் வருடத்துக்கு அதிகபட்சம் 2,500 டாலரை வருமானத்தில் இருந்து கழித்துக் காட்டலாம். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

“இப்போது மகனுக்கு நல்ல வேலை. கடனை அவன் பெயருக்கு மாற்ற முடியுமா?” என்று கேட்டார். முடியாது. அரசுக் கடனாக இருக்கும் வரை, யார் கையெழுத்துப் போட்டார்களோ அவர்கள் பெயரில்தான் அது இருக்கும். மகன் மாதாமாதம் பணம் கொடுக்கலாம், ஆனால் கடனாளி அம்மாதான்.

கறுப்பினத் தொழிலதிபர் ராபர்ட் எஃப். ஸ்மித் செய்த உதவியை நான் இந்த 1098-இ தாளை வைத்துத்தான் பார்க்கிறேன்.

2019 மே 19 அன்று, இதே அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் கல்லூரியின் பட்டமளிப்பு விழா. கறுப்பின மாணவர்களுக்காக 1867ல் தொடங்கிய கல்லூரி, மார்ட்டின் லூதர் கிங் படித்த இடம். சிறப்பு விருந்தினராக வந்த ஸ்மித், பேச்சின் நடுவில், அந்த ஆண்டு பட்டம் பெறும் எல்லோருடைய கல்விக்கடனையும் தன் குடும்பம் அடைக்கும் என்று அறிவித்தார். கிட்டத்தட்ட 400 மாணவர்கள். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

செப்டம்பரில் வந்த அடுத்த அறிவிப்பு அவ்வளவு பேரை எட்டவில்லை. மொத்தத் தொகை 3 கோடியே 40 லட்சம் டாலர் என்றும், அந்தப் படிப்புக்காகப் பெற்றோரும் காப்பாளர்களும் தங்கள் பெயரில் வாங்கிய கடனும் அதில் அடக்கம் என்றும் சொன்னார்கள். கடன் என்றால் மாணவர் பெயரில் இருப்பது என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பெற்றோர் பெயரையும் சேர்த்தவர்களுக்கு இந்தக் குடும்பங்களின் கணக்கு தெரிந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு அந்த நர்ஸ் அம்மாவின் ஞாபகம்தான் வந்தது.

கறுப்பினப் பெற்றோர் ஏன் இந்தக் கடனில் அதிகம் மாட்டுகிறார்கள்? 1930களில் அரசு அமைப்பு ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் குறித்து, அங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து என்று சொன்னது. மற்றவர்கள் வீடு வாங்கி, அதன் மதிப்பு ஏறி, பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றபோது இவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. வீட்டை ஈடு வைத்துக் குறைந்த வட்டிக்குப் பணம் புரட்டும் வசதி இல்லாதவர்கள், கல்லூரி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். சம்பளத்தில் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று பேரன்ட் ப்ளஸ் கடனில் யாரும் பார்ப்பதில்லை. பழைய கடன் பதிவில் பெரிய கறை இல்லாவிட்டால் போதும்.

ஸ்மித் 1962ல் டென்வரில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த, முனைவர் பட்டம் பெற்றவர்கள். கையில் பணம் இறுக்கமாக இருந்த காலத்திலும், கறுப்பின மாணவர்களைப் படிக்க வைக்கும் நிதிக்கு அம்மா மாதாமாதம் 25 டாலர் செக் அனுப்பினார் என்று அவர் எழுதியிருக்கிறார். சின்ன வயதில், இனம் பார்த்துப் பிரித்து வைத்த பள்ளிகளைக் கலப்பதற்காக, அவர் பகுதிப் பிள்ளைகள் சிலரை 13ஆம் எண் பேருந்தில் ஏற்றி ஊரின் மறுகோடியில் இருந்த வெள்ளையர் பகுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1970ல் அந்த நகரத்துப் பள்ளிப் பேருந்துகளுக்கு வெடிகுண்டு வைத்தார்கள். அந்தப் பேருந்தில் போனவர்கள் எங்கெங்கோ உயர்ந்ததையும், தெருவிலேயே தங்கியவர்களில் பலருக்கு அந்த வாய்ப்பு வராமல் போனதையும் மோர்ஹவுஸ் மேடையில் அவர் விரிவாகச் சொன்னார். அப்புறம்தான், உங்கள் பேருந்துக்குக் கொஞ்சம் எரிபொருள் போடப் போகிறோம் என்ற பொருளில் கடன் விஷயத்துக்கு வந்தார்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே பெல் லேப்ஸ் என்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் பயிற்சிக்குச் சேர ஆசைப்பட்டிருக்கிறார். கல்லூரி மாணவர்களுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. விடவில்லை, வாரா வாரம் போன் போட்டுக் கேட்டார். வர வேண்டிய ஒரு கல்லூரி மாணவர் வராமல் போக, அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல், குட்இயர், கிராஃப்ட் போன்ற நிறுவனங்களில் வேலை, சில காப்புரிமைகள், கொலம்பியாவில் எம்.பி.ஏ. 1994ல் கோல்ட்மேன் சாக்ஸ் என்கிற முதலீட்டு வங்கி. அங்கே தொழில்நுட்ப நிறுவனங்கள் வாங்கல், விற்றலில் ஆலோசகர். 2000ல், மற்றவர்கள் பணத்தைத் திரட்டி நிறுவனங்களை வாங்கும் விஸ்டா ஈக்விட்டி பார்ட்னர்ஸ் என்கிற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.

விஸ்டா வாங்குவது நீங்களும் நானும் போனில் வைத்திருக்கும் ஆப்கள் இல்லை. வங்கி, பள்ளிக்கூடம், கார் டீலர் என்று தொழில் நடத்துகிறவர்கள் தினமும் திறந்து வைத்து வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனங்களை வாங்கும். ஒரு வங்கி தன் கடன் மென்பொருளை அவ்வளவு சீக்கிரம் மாற்றாது, வருடா வருடம் சந்தா கட்டிக்கொண்டே இருக்கும். அந்த நிலையான வரவை நம்பி வாங்கி, தாங்கள் எழுதி வைத்திருக்கும் நடைமுறைகளின்படி நிர்வாகத்தைச் சீராக்கி, மதிப்பு ஏறியதும் விற்பார்கள். இந்த வழியில்தான் அவர் பெரும் பணக்காரரானார். கார்னெலுக்கு 5 கோடி டாலர், வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு 2 கோடி டாலர் போன்ற கொடைகள் எல்லாம் இதற்குப் பின்னால் வந்தவை.

சரி, வரிக் கணக்கு பார்ப்பவன் எழுதும்போது 2020 அக்டோபரில் நடந்ததைச் சொல்லாமல் போகக் கூடாது. விஸ்டாவின் முதல் நிதிக்கு 100 கோடி டாலர் தர முன்வந்த ஒரே முதலீட்டாளர் ராபர்ட் பிராக்மன் என்கிற தொழிலதிபர். அந்த நிதியின் லாபத்தில் தனக்கு வந்த பங்கில் 20 கோடி டாலருக்கும் மேல், பெலீஸ் நாட்டிலும் நெவிஸ் தீவிலும் இருந்த அமைப்புகள் வழியாக மறைத்து வரி கட்டாமல் இருந்ததை ஸ்மித் ஒப்புக்கொண்டார். வரி, அபராதம் என்று 13 கோடியே 90 லட்சம் டாலர் கட்டினார். அரசுக்கு ஒத்துழைத்ததால் அவர் மேல் வழக்குப் போடவில்லை. பிராக்மன் மீது வழக்குப் போட்டார்கள். விசாரணை தொடங்கும் முன்பே, 2022ல் அவர் இறந்துவிட்டார்.

மறைத்த பணத்தில் வீடும் பனிச்சறுக்கு இடங்களும் வாங்கினார். ஒரு பகுதி கொலராடோவில் அவருடைய இடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கும் காயம்பட்ட முன்னாள் படைவீரர்களுக்கும் செய்த உதவிக்கும் போயிருக்கிறது. நல்ல காரியத்துக்குத்தானே போனது என்று சிலர் என்னிடம் வாதாடியதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. அரசுப் பள்ளிக்கும் அரசு மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணத்தை எங்கே செலவழிப்பது என்று ஒருவர் தனியாக முடிவு செய்வது தானம் ஆகாது. அதே சமயம், மோர்ஹவுஸ் மாணவர்களின் கடன் அடைபட்டதும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்க்க நான் தயாரில்லை.

அவருக்குச் சிக்கலான விஷயங்களில் ஒன்று நம்மவர்களையும் தொடுகிறது. வெளிநாட்டுக் கணக்கு விவரத்தைச் சொல்லும் எஃப்பார் படிவத்தை அவர் தெரிந்தே ஒழுங்காகக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் வசிக்கும் தமிழர்கள் பலருக்கு ஊரில் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு, டெபாசிட், அப்பாவோடு கூட்டாக வைத்த கணக்கு என்று இருக்கும். எல்லாவற்றிலும் உள்ள பணம் சேர்ந்து வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும் அந்தப் படிவம் கொடுக்க வேண்டும். “அப்பா பணம்தானே, என் பெயர் சும்மா இருக்கிறது” என்பார்கள். பெயர் இருந்தால் காட்டத்தான் வேண்டும். தெரியாமல் விட்டிருந்தால் சரிசெய்ய வழி இருக்கிறது, அரசு தானாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் போனால். ஸ்மித்தே 2014ல் தானாக முன்வந்து சொல்லும் திட்டத்துக்கு விண்ணப்பித்தார். ஏற்கவில்லை.

2020 ஏப்ரலில் நான் நேரில் பார்த்த இன்னொன்று. கொரோனாவில் சம்பளம் கொடுக்கத் திணறிய சிறு தொழில்களுக்கு அரசு கொடுத்த பி.பி.பி. கடனுக்கு என் வாடிக்கையாளரான ஒரு சலூன்கார அம்மா விண்ணப்பித்தார். பன்னிரண்டு வருடம் கணக்கு வைத்திருந்த வங்கி, ஏற்கெனவே தொழில் கடன் வாங்கியவர்களை முதலில் கவனித்தது. அவர் கடனே வாங்கியதில்லை. முதல் சுற்றுப் பணம் இரண்டே வாரத்துக்குள் தீர்ந்தது. சிறிய கறுப்பினத் தொழில்கள் நிறைய இப்படித்தான் வெளியே நின்றன. அந்தச் சமயத்தில் ஸ்மித், விஸ்டா கையில் இருந்த ஃபினாஸ்ட்ரா என்கிற வங்கி மென்பொருள் நிறுவனத்தை வைத்துச் சிறு வங்கிகளும் சமூகக் கடன் நிறுவனங்களும் விண்ணப்பங்களை வேகமாக அனுப்ப உதவினார். என்னைக் கேட்டால், மேடையில் அறிவித்த கொடையைவிட இது முக்கியம். பணம் ஓடும் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று அவருக்குத் தொழில்முறையில் தெரியும். அதே ஆண்டு அவர் தொடங்கி வைத்த ஸ்டூடன்ட் ஃப்ரீடம் இனிஷியேட்டிவும் இந்த வகைதான். கறுப்பின மாணவர்களுக்கென்று உருவான கல்லூரிகளில் அறிவியல், பொறியியல் படிக்கும் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள். வேலை கிடைத்த பிறகு சம்பளத்துக்குத் தக்கபடி திருப்பிக் கட்டினால் போதும். கடன் அம்மா பெயருக்குப் போகாது.

அந்த நர்ஸ் அம்மா மறுபடி வந்தபோது, இளைய மகள் அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டுக்குப் போகப் போவதாகச் சொன்னார். பையில் இன்னொரு பேரன்ட் ப்ளஸ் விண்ணப்பம் இருந்தது. 2026 ஜூலையில் இருந்து புதிதாக வாங்குபவர்களுக்கு வருடத்துக்கு 20,000 டாலர், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வருவதைச் சொன்னேன். கையெழுத்துப் போடும் முன்னால், கல்லூரி உதவித்தொகை அலுவலகத்தில் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லி, நீங்கள் அதில் சேர்ந்திருக்கிறீர்களா என்று கேட்கச் சொன்னேன். என் பேனாவை வாங்கி, 1098-இ வந்த உறையின் பின்புறம் பெயரை எழுதிக்கொண்டார். எழுத்துச் சரியா என்று ஒருமுறை என்னிடம் காட்டிவிட்டு, அங்கிருந்தே மகளுக்கு போன் போட்டார்.