தண்ணீரில் 5 கிலோ, படகில் 100 கிலோ

"மூன்று பேர் போகிற சின்ன ஃபைபர் படகில் 100 கிலோ சூரை மீனை எப்படித்தான் ஏற்றுகிறார்கள்? கரையில் அதை இறக்க நாலு பேர் மூச்சு வாங்குகிறார்களே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

முதல் பாதிக்கு ஆர்க்கிமிடீஸ் போதும். மீனின் உடல் கடல்நீரைவிடக் கொஞ்சம்தான் அடர்த்தி கூடியது. 100 கிலோ சூரை சுமார் 95 கிலோ கடல்நீரை விலக்கிக்கொண்டு கிடக்கும். மிச்சமுள்ள 5 கிலோ அளவுதான் கைக்குத் தெரியும். ஆக, படகருகே கொண்டுவரும்வரை எடை ஒரு பிரச்சினையே இல்லை. மீனின் முரண்டுதான் பிரச்சினை. அது களைத்த பிறகு வாலில் சுருக்குப் போடுவார்கள். சூரையின் வால் பிறைபோல விரிந்திருக்கும். அதற்குச் சற்று முன்னால் உடல் ஒடுங்கி மெலிந்துவிடும். அங்கே விழுந்த சுருக்கு நழுவாது. நீந்தினால்தான் சூரையின் செவுளில் தண்ணீர் பாயும் என்பதால், வாலைக் கட்டினால் மூச்சுக்கும் கேடு.

சங்கடம் படகின் விளிம்பில்தான். மீன் தண்ணீரைவிட்டு ஒவ்வொரு சாண் மேலே வரும்போதும், ஒளிந்திருந்த எடை திரும்பி வருகிறது. நாம் மீனை மேலே இழுக்க, மீன் விளிம்பைக் கீழே இழுக்கிறது. மூன்று பேரும் ஒரே பக்கம் குனிந்து நின்றால் கேட்கவே வேண்டாம், படகு கவிழப் பார்க்கும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த தந்திரம் வருகிறது. மரக்கட்டையை வண்டியில் கயிறு போட்டு உருட்டி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையேதான் கடலிலும் செய்யலாம். கயிற்றின் ஒரு முனையைப் படகுக்குள் கட்டிவிட்டு, மறு பகுதியை விளிம்புக்கு வெளியே இறக்கி, மீனின் அடியில் கொடுத்து, திரும்ப மேலே கைக்கு வாங்க வேண்டும். இழுத்தால் மீன் உருண்டுகொண்டே ஏறும். பாரத்தில் பாதியைக் கட்டிய முனை தாங்கிக்கொள்கிறது. தலைப்பக்கம் ஒன்று, வால்பக்கம் ஒன்று என இரண்டு கயிறு போட்டால், 100 கிலோவுக்கு ஆளுக்கு 25 கிலோ இழுத்தால் போதும். உராய்வுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். கூலி என்னவென்றால், மீன் ஓரடி ஏற இரண்டடி கயிறு இழுக்க வேண்டும். கப்பி எங்கே என்று தேடாதீர்கள். அந்த மீனேதான் கப்பி! சூரையின் உருண்ட உடம்பு இதற்கென்றே செய்தது போலிருக்கும். தட்டையான மயில் மீன் இவ்வளவு சுலபமாக உருளாது. 2013 செப்டம்பரில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கவிழ்ந்து கிடந்த கோஸ்டா கன்கார்டியா கப்பலை உருட்டி நிமிர்த்தியதும் இந்த வேலையின் பெரிய அண்ணன்தான்.

அப்புறம், சாய்வையே கூலியில்லாத ஆளாக்கிவிடலாம். வேண்டுமென்றே மீன் இருக்கும் பக்கம் நின்றால் விளிம்பு தண்ணீரை நோக்கி இறங்கும். 60 சென்டிமீட்டர் ஏற வேண்டிய மீனுக்கு 20 போதுமென்றாகிவிடும். ஓர் அலை மீனை உயர்த்தும் நேரம் பார்த்து உருட்டிவிட்டு, உடனே எதிர்ப்பக்கம் நகர்ந்தால் படகு நிமிர்கிறது. மீதித் தூரத்துக்கு மீனைத் தூக்குவது படகின் மிதப்பு. கடல்தாய் தூக்கிக் கொடுத்தாள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். கணக்கும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது.

கட்டுமரத்தில் இந்தப் பாடெல்லாம் குறைவு. பக்கச்சுவரே கிடையாது, ஓரத்தில் ஏறி நின்றால் மரம் அமிழும், மீனை வழுக்கி ஏற்றலாம். ஏறிய தண்ணீர் இடுக்கு வழியே தானாக வடிந்துவிடும். ஆழ்கடல் விசைப்படகுகளுக்கு லட்சக்கணக்கில் மானியம் தருகிறோம். ஃபைபர் படகின் விளிம்பில் நல்ல உருளை ஒன்றைப் பொருத்தும் ஆராய்ச்சிக்கும் அதில் கொஞ்சம் ஒதுக்கலாம் என்பது என் ஆசை.

மீன் உள்ளே விழுந்ததும் அதை நடுவில், அடித்தளத்தில் கிடத்திவிட்டுத் தண்ணீரை இறைத்தாக வேண்டும். தேங்கிய தண்ணீர் படகு சாயும் பக்கமே ஓடிச் சாய்வைக் கூட்டும்.

சரி, கரையில் ஏன் நாலு பேர்? அந்த 95 கிலோவைத் தாங்க அங்கே தண்ணீர் இல்லையே.